படுக்கை வாங்கினேன், தராசு வாங்கவில்லை

மிளகு வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், விடியற்காலை மூன்றரை மணிக்கு, நான் சமையலறைத் தரையில் மண்டிபோட்டு நாலாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தேன். எட்டு வாரக் கறுப்பு லாப்ரடார் குட்டி, எடை சரியாக ஐந்து கிலோ. தண்ணியாகப் போய்க்கொண்டே இருக்கிறது, போய்விட்டு வந்து என் காலடியில் படுத்துக்கொண்டு வாலை வேறு ஆட்டுகிறது. அவளைச் சுற்றி நான் ஒரு மாதமாகப் பார்த்துப் பார்த்து வாங்கிய சாமான்கள்: மெத்துமெத்தென்று ஒரு படுக்கை, ஏழு பொம்மைகள், பெயர் பொறித்த இரண்டு கிண்ணங்கள், மழைக்கோட்டு. ஆமாம், மழைக்கோட்டு. இன்றுவரை ஒரு தடவைகூட அதைப் போட்டதில்லை, இப்போது அது அவளுடைய தலைக்கே பத்தாது.

காலையில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் குட்டியைத் தொடுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி இது என்ன சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு?" எனக்குத் தெரியவில்லை. கொடுத்தவர்கள் ஒரு பையில் கொஞ்சம் தீனி கட்டிக் கொடுத்திருந்தார்கள், அதைப் பார்த்தால் சாதாரணமாகத் தெரிந்ததால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, நான் வாங்கி வைத்திருந்த 'உயர்ந்த' தீனியை முதல் வேளையிலிருந்தே கொட்டிவிட்டேன். அதோடு அவித்த முட்டை. அதோடு அம்மா ஊற்றிய பால். அதோடு வந்து பார்த்த உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பிஸ்கெட். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே வந்தார், கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இத்தனையையும் மூணு நாள்ல உங்களுக்குக் கொடுத்திருந்தா உங்களுக்கும் போயிருக்கும்" என்றார்.

மலத்தில் புழு இருக்கிறதா என்று பார்த்தார்கள், குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே வாங்கக்கூடிய பார்வோ வைரஸ் இருக்கிறதா என்றும் பரிசோதித்தார்கள். இரண்டுமே இல்லை. வெறும் உணவுக் கோளாறுதான். நிம்மதியாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. எட்டு வாரக் குட்டிக்கு உடம்பில் நீர் வற்றுவதற்கு ஒரு நாள்கூட ஆகாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஈறை விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்: வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும், ஈறு ஈரமாக வழுக்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால், அல்லது வெளிறிப்போயிருந்தால் உடனே வரவேண்டும். ரத்தம் கலந்து போனால், வாந்தியும் சேர்ந்துகொண்டால், குட்டி துவண்டு படுத்துச் சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை என்றால் "காலைல பாத்துக்கலாம்" என்று விடவே கூடாது. மிளகு வாலை ஆட்டிக்கொண்டிருந்ததால் தப்பித்தோம்.

அதனால் குட்டி வாங்கப் போகிறவர்கள் யார் என்னிடம் வந்து "என்னென்ன வாங்கணும்" என்று கேட்டாலும், முதலில் என்னென்ன கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். இப்போது என்ன தீனி, அதன் முழுப் பெயர் என்ன, ஒரு வேளைக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு, ஊறவைத்தா அப்படியேவா. குடற்புழு மருந்து எப்போது கொடுத்தார்கள், என்ன மருந்து. தடுப்பூசி போட்டிருந்தால் அட்டை எங்கே. தாயைப் பார்க்கலாமா. இதையெல்லாம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு, குறைந்தது ஒரு வாரத்துக்கு வருகிற மாதிரி அதே தீனியையும் வாங்கிக்கொண்டு, தாயோடு படுத்திருந்த பழைய துணி ஒன்றையும் கேட்டு வாங்கி வந்தால் முதல் வாரத்துத் தொல்லையில் பாதி வாசலோடு நின்றுவிடும். குட்டிக்கு எட்டு வாரம் ஆகும்வரை தாயிடமே விட்டு வைப்பதும் முக்கியம். அதற்கு முன்னால் "குட்டி கியூட்டா இருக்கும்" என்று ஆறு வாரத்தில் பிடுங்கிக்கொண்டு வந்தால், கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம் என்று கூடப்பிறந்ததுகளோடு உருண்டு கற்றுக்கொள்கிற பாடத்தைத்தான் பறித்துவிடுகிறோம்.

சரி, தீனிக்கு வருகிறேன். நாய்க்குட்டியின் குடலில் இருக்கிற நுண்ணுயிர்கள் ஏற்கெனவே தின்று வந்த உணவுக்குப் பழகியவை. சட்டென்று மாற்றினால் அவை தடுமாறும், அது நமக்குத் தரையில் தெரியும். நான் குட்டியைக் கொடுத்தவர்களுக்குப் போன் பண்ணி, பழைய தீனியின் பெயரைக் கேட்டு, அதையே கொடுத்து மலம் கெட்டியாகும்வரை காத்திருந்தேன். அப்புறம் பத்து நாள் கணக்கு: முதல் மூன்று நாள் முக்கால் பங்கு பழையது, கால் பங்கு புதியது. அடுத்த மூன்று நாள் பாதிப் பாதி. அதற்கடுத்த மூன்று நாள் கால் பங்கு பழையது. பத்தாம் நாள் முழுக்கப் புதியது. நடுவில் ஒரு நாள் கொஞ்சம் இளகினது, உடனே முந்தைய விகிதத்துக்கே இரண்டு நாள் திரும்பிப் போனேன். இதில் அவசரம் காட்ட ஒரு காரணமும் இல்லை. வந்த முதல் நாள் குட்டிக்கு வீடு புதுசு, மனிதர்கள் புதுசு, தாய் இல்லை, இதில் சாப்பாடாவது தெரிந்ததாக இருக்கட்டுமே.

பால் விஷயத்தில் வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்தது. "பச்சைக் குழந்தைடா அது, பால் குடுக்காம எப்படி வளரும்?" என்று அம்மா. "அம்மா, அது தாய்ப்பால் குடிக்கிறதையே விட்டாச்சும்மா" என்று நான். குட்டிகள் மூன்று, நான்கு வாரத்திலேயே கெட்டி உணவை நக்க ஆரம்பித்துவிடும், பால்குடி மறக்க மறக்க, பாலில் இருக்கிற லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கிற நொதியும் உடம்பில் குறைந்துகொண்டே போகும். அப்படிச் செரிக்காத சர்க்கரை குடலில் தண்ணீரை இழுக்கும், மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். இன்னொரு விஷயம், நாய்ப் பாலும் பசும்பாலும் ஒன்றில்லை. நாய்ப் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே தாயில்லாத, கண் திறக்காத குட்டிக்கும்கூடப் பசும்பால் சரியான மாற்று இல்லை, அதற்கென்றே நாய்க்குட்டிகளுக்கான பால்பொடி இருக்கிறது. அம்மா ஒப்புக்கொண்டாரா என்றால் இல்லை. ஆனால் நாலாம் நாள் தரையைத் துடைக்கிற முறை அவருக்கு வந்தது, அதோடு பால் நின்றது.

அடுத்த தப்பு அளவு. இதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிற தப்பு, ஏனென்றால் இது தப்பு என்று தெரியவே தெரியாது. குட்டி ஆசையாகச் சாப்பிடுகிறது, கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறது, நாம் இன்னும் கொஞ்சம் போடுகிறோம். லாப்ரடார் மாதிரி இனங்களுக்குப் போதும் என்ற சொல்லே தெரியாது. நான் ஒரு காப்பிக் கோப்பையால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். "ஒரு கோப்பைன்னா எத்தனை கிராம்?" என்று மருத்துவர் கேட்டபோது முழித்தேன். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தால் எண்பது கிராம். நாலு வேளைக்கு 320 கிராம்.

எவ்வளவு தேவை என்பதற்கு மருத்துவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் பயமுறுத்தினாலும் போன் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். எடையைக் கிலோவில் எடுத்துக்கொண்டு அந்த எண்ணை மூன்று தடவை வைத்துப் பெருக்க வேண்டும். மிளகுக்கு 5 × 5 × 5, அதாவது 125. இதற்கு வர்க்கமூலம் எடுத்து, வந்ததற்கு மறுபடி ஒரு வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 3.34. அதை 70-ஆல் பெருக்கினால் 234. சும்மா படுத்திருப்பதற்கே உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி இது. நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டி வளர்கிறது, குதிக்கிறது, அதனால் இதைப் போல மூன்று மடங்கு, சுமார் 700. நாலு மாதம் தாண்டியதும் இரண்டு மடங்கு போதும். என் பையில் ஒரு கிலோவுக்கு 3,700 கலோரி என்று அச்சிட்டிருந்தது. வகுத்துப் பார்த்தால் நாளைக்கு 190 கிராம், வேளைக்கு 47 அல்லது 48. நான் போட்டது 320. பால், முட்டை, பிஸ்கெட்டெல்லாம் இதில் சேரவே இல்லை! வயிறு கலங்கியதற்குத் தீனி மாறியது பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி இதுவாகத்தான் இருக்கும்.

அன்றைக்கே தராசு தீனி டப்பாவுக்குப் பக்கத்தில் குடியேறியது. கோப்பையால் அள்ளினால் ஒவ்வொரு கைக்கும் ஓர் அளவு வரும், நான் அள்ளினால் ஒன்று, அம்மா அள்ளினால் அதில் ஒரு கோபுரம். தராசுக்குப் பாசம் கிடையாது. கணக்கில் வருகிற எண் ஒரு தொடக்கம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒவ்வொரு குட்டிக்கும் அது கூடும், குறையும், பை மேல் போட்டிருக்கும் அட்டவணையும் அப்படித்தான். கடைசித் தீர்ப்பு கையில்தான் இருக்கிறது. விலாவின் மேல் உள்ளங்கையை வைத்து லேசாகத் தடவினால் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடுப்பு கொஞ்சம் உள்வாங்க வேண்டும். வாரம் ஒரு தடவை எடையும் போடுகிறேன். முதலில் சமையலறைத் தராசிலேயே ஒரு டப்பில் உட்காரவைத்துப் பார்த்தேன், அது ஐந்து கிலோவுக்கு மேல் காட்டாது. இப்போது நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஆள் எடை போடும் கருவியில் ஏறி, அப்புறம் தனியாக ஏறிக் கழித்துக்கொள்கிறேன். இதில் வேண்டாத ஓர் எண்ணும் எனக்குத் தெரிய வந்தது, அது என் எடை.

குண்டுக் குட்டி அழகுதான், யார் இல்லை என்றார்கள். ஆனால் நாய்த் தீனி தயாரிக்கிற பூரினா நிறுவனத்தார் 48 லாப்ரடார்களை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2002-இல் வெளிவந்தது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, எட்டு வாரத்திலிருந்து சாகும்வரை ஒன்றுக்குக் கொடுப்பதைவிட மற்றதற்கு 25 சதவீதம் குறைவாகவே கொடுத்து வந்தார்கள். குறைவாகத் தின்றவை இடைநிலையாக 13 ஆண்டு வாழ்ந்தன, மற்றவை 11.2. மூட்டுத் தேய்மானமும் குறைவாகத் தின்றவற்றில்தான் தாமதமாக வந்தது. நாய்க்கு ஒன்றே முக்கால் ஆண்டுக்கு மேல் என்பது சின்ன விஷயமா? இதைப் படித்த பிறகு மிளகு நிமிர்ந்து பார்க்கிற பார்வைக்கு நான் மசிவதில்லை. அதாவது, முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக மசிகிறேன்.

என்ன தீனி நல்லது என்று கேட்டால் நான் பெயர் சொல்ல மாட்டேன். பையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வளரும் குட்டிகளுக்கான முழு உணவு என்று எழுதியிருக்கிறதா என்று. வளர்ந்த நாய்க்கானதைக் குட்டிக்குக் கொடுக்கக் கூடாது. தீவனங்களுக்கு அளவுகோல் வகுக்கிற அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பின் கணக்குப்படி, ஈரம் நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதம் புரதம் போதும், குட்டிக்கு 22.5 வேண்டும். வளர்ந்தால் பெரிய நாயாகப் போகிற இனம் என்றால் 'பெரிய இனக் குட்டி' என்று தனியாகப் போட்டிருப்பதை வாங்குவது உத்தமம், காரணம் கால்சியம். எலும்பு வலுப்படும் என்று கால்சிய சிரப்பை வாங்கி ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கும் ஒருவர் அன்பாக ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தார். குட்டியின் குடலுக்கு, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளுகிற திறமை இன்னும் வரவில்லை. கொடுப்பதை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் பெரிய இனக் குட்டிகளுக்கு எலும்பு கோணலாக வளர்கிற அபாயம் உண்டு. முழு உணவு கொடுக்கிறவர்கள் அதற்கு மேல் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. வீட்டிலேயே சமைத்துத்தான் போடுவேன் என்கிறவர்கள் மருத்துவரிடம் அளவோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் சோறும் கோழியும் வயிறு சரியில்லாத இரண்டு நாளைக்கு நல்ல உணவு, வளர்கிற மாதக்கணக்குக்கு அல்ல.

வேளைக்கணக்கு எளிது. மூன்று மாதம் வரை நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அப்புறம் இரண்டு. முதல் சில வாரம் தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்துக் கொடுத்தேன், வாசனை எழும்பும், சின்னப் பல்லுக்கும் சுலபம். ஊறியது மிஞ்சினால் அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காமல் கொட்டிவிடுவேன். கிண்ணத்தை வைத்து கால் மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், நாள் முழுக்கத் தரையில் கிடந்தால் எவ்வளவு சாப்பிட்டது, எப்போது சாப்பிட்டது என்று எதுவும் தெரியாது, உடம்பு சரியில்லாத நாளைக் கண்டுபிடிக்கவும் முடியாது. தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்க வேண்டும். கையளவு இனக் குட்டிகள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: அதுகளுக்கு ஒரு வேளை தவறினாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடும், நடுங்கும். அப்படித் தெரிந்தால் ஈறில் கொஞ்சம் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ தடவிக்கொண்டே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சாமான்களில் எது உழைத்தது என்றால், எவர்சில்வர் கிண்ணங்கள் முதலில். நான் முதலில் வாங்கிய பெயர் பொறித்த பிளாஸ்டிக் கிண்ணத்தை இரண்டே வாரத்தில் ஓரம் முழுக்கக் கடித்துவிட்டாள், அந்தக் கீறலுக்குள் அழுக்கு சேர்ந்தது, எவ்வளவு தேய்த்தாலும் வழுவழுப்பு போகவில்லை. உள்ளே மேடு பள்ளமாக இருக்கிற, மெதுவாகச் சாப்பிட வைக்கிற கிண்ணம் ஒன்று பிறகு வாங்கினேன், முப்பது விநாடியில் விழுங்கிக்கொண்டிருந்தவளுக்கு ஐந்து நிமிடம் ஆனது, விக்கலும் நின்றது. கூண்டு வாங்கும்போது வளர்ந்த பிறகு வேண்டிய அளவில், நடுவே நகர்த்தக்கூடிய தடுப்போடு வாங்கியது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் போதும். அதற்கு மேல் விட்டால் ஒரு மூலையைப் படுக்கையாகவும் மறு மூலையைக் கழிப்பறையாகவும் வைத்துக்கொள்ளும். நொதி கலந்த சுத்தம் செய்யும் திரவம் ஒரு பாட்டில் கண்டிப்பாக வேண்டும். சாதாரண திரவம் நம் மூக்கை ஏமாற்றும், அதன் மூக்கை ஏமாற்றாது, அம்மோனியா கலந்தது என்றால் சிறுநீர் வாசனை மாதிரியே இருந்து "இங்கே போ" என்று அழைப்பு வைத்துவிடும். கழுத்துப்பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், வாரா வாரம் பார்க்க வேண்டும், இதுகள் வளர்கிற வேகம் அப்படி. ஏழு பொம்மைகளில் கண்ணும் பொத்தானும் வைத்தவற்றை முதல் நாளே எடுத்துவிட்டேன். ரப்பரில் உள்ளே குடைவாக இருக்கிற ஒன்றுதான் நிலைத்தது, அதற்குள் ஒரு வேளைத் தீனியை ஊறவைத்து அடைத்து உறையவைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். கடிக்கக் கொடுக்கிற எதையும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சமும் பதியவில்லை என்றால் அது பல்லை உடைக்கிற கடினம்.

படுக்கையா? பஞ்சு முழுவதும் வெளியே வந்து கிடந்தது, ஆறாம் நாள். ஒரு பழைய போர்வையை மடித்துப் போட்டேன், அதில்தான் இன்றும் தூங்குகிறாள்.

வீட்டைத் தயார் பண்ணுகிறேன் என்று நின்றபடி சுற்றிப் பார்த்தது இன்னொரு தப்பு. குட்டியின் உயரத்தில், அதாவது தரையில் தவழ்ந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் சோபாவுக்குப் பின்னால் தொங்குகிற மின்கம்பி, கட்டிலுக்கு அடியில் உருண்டுபோன மாத்திரை, மூடியில்லாத குப்பைத்தொட்டி எல்லாம் தெரியும். நான் கம்பிகளை மறைத்துவிட்டேன், குப்பைத்தொட்டிக்கு மூடி போட்டுவிட்டேன், மேசையை மறந்துவிட்டேன். வந்து ஒரு மாதம் கழித்து யாரோ பாதி சாப்பிட்டு வைத்திருந்த உலர் திராட்சை கேக், மேசை விளிம்பிலிருந்து விழுந்தது. நான் திரும்புவதற்குள் தரை சுத்தம். திராட்சையும் உலர் திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை, இத்தனை வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய பாதுகாப்பான அளவே கிடையாது. ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்றுக்குச் சில பழங்களே போதும். உடனே போன் செய்தேன், "எத்தனை மணிக்கு, எவ்வளவு, என்ன எடை" என்று மூன்று கேள்வி, "கிளம்பி வாங்க" என்று ஒரு பதில். ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார்கள். ஏழு திராட்சை எண்ணினோம். ரத்தப் பரிசோதனை இரண்டு தடவை செய்தார்கள், சரியாகவே இருந்தது. வழியில் உப்புத் தண்ணீர் புகட்டலாமா என்று ஒருவர் யோசனை சொன்னார், நல்லவேளை கேட்கவில்லை. அது ரத்தத்தில் உப்பை ஏற்றி அதுவே உயிருக்கு ஆபத்தாகும்.

இந்த வரிசையில் மற்றவையும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். சாக்லெட், அதிலும் கறுப்பாக இருக்க இருக்க மோசம். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் அந்தக் குணம் போகாது, அதனால் நம் குழம்பில் தோய்ந்த எதுவும் வேண்டாம். சைலிடால் என்ற இனிப்பு, சர்க்கரையில்லா சூயிங்கம்மிலும் சில வேர்க்கடலை வெண்ணெயிலும் இருக்கிறது, அரை மணி நேரத்திலேயே நாயின் ரத்தச் சர்க்கரையைத் தரைமட்டமாக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். மனிதர்களுக்கான வலி மாத்திரை, ஐபூப்ரொஃபெனோ பாராசிட்டமாலோ, அரைக்கால் துண்டுகூட நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் இந்தப் பெயர்களையும் மருத்துவரின் எண்ணையும் இரவில் திறந்திருக்கிற மருத்துவமனையின் எண்ணையும் ஒட்டி வைத்திருக்கிறேன். இது மிளகுக்காக அல்ல, பாசத்தோடு வருகிற விருந்தாளிகளுக்காக.

இரவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அழும். முதல் நாள் கூடத்தில் தனியாக விட்டேன், ஊரையே கூட்டினாள். இரண்டாம் நாள் கூண்டை என் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துவந்து, கையை உள்ளே தொங்கவிட்டுக்கொண்டு படுத்தேன், பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டாள். கெட்டுப்போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். கெட்டுப்போகவில்லை, ஒரு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளிக் கூண்டு அறைக்கு வெளியே போய்விட்டது. சிறுநீரை எவ்வளவு நேரம் அடக்கும் என்பதற்கு மாத வயதோடு ஒன்றைக் கூட்டி அத்தனை மணி நேரம் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு, இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. அதற்காக மூன்று மணி வரை சும்மா இருக்க முடியாது. தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்டு ஐந்திலிருந்து முப்பது நிமிடத்துக்குள்ளும் வெளியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பாடு போட்டால் போகிற நேரமும் வேளாவேளைக்கு அமையும், அளந்து போடுவதில் இதுவும் ஒரு லாபம்.

தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டிலிருந்து நாலு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போகும். எதற்கு இத்தனை என்றால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் ஊசியை வேலை செய்யவிடாது, அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதுவரை பல நாய்கள் நடமாடுகிற தரையில் இறக்கிவிடக் கூடாது, பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆனால் உலகத்தைப் பார்த்துப் பயமில்லாமல் பழகுகிற பருவமோ பன்னிரண்டு, பதினாலு வாரத்தோடு முடிந்துவிடுகிறது. இரண்டையும் சமாளிக்க அவளைத் தோளில் தூக்கிக்கொண்டே சுற்றினேன்: வண்டிச் சத்தம், குடை, தாடிக்காரர், சக்கர நாற்காலி, குழந்தைகள் கூட்டம். தோள் வலித்தது, அவளுக்கு இன்று எதைப் பார்த்தும் மிரட்சியில்லை, தூசு உறிஞ்சும் கருவியைத் தவிர. குடற்புழு மருந்தைத் தேதி தவறாமல் கொடுங்கள், உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும், நமக்கும் தொற்றும், கை கழுவுகிற பழக்கம் குழந்தைகளுக்கு முதலில் வேண்டும்.

பழக்குவதற்குக் கொடுக்கிற தின்பண்டம் நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நான் தனியாக எதுவும் வாங்குவதை நிறுத்திவிட்டேன். காலையில் அன்றைய தீனியை மொத்தமாக நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிடுவேன், அதிலிருந்தே வேளைக்கும் எடுப்பேன், 'உட்கார்' என்றதற்கு உட்கார்ந்தால் ஒன்றிரண்டு மணிகளும் அதிலிருந்தே போகும். வீட்டில் யார் எத்தனை கொடுத்தாலும் டப்பா காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. சாப்பிடும்போது கிண்ணத்தில் கையை விட்டுப் பழக்கு, பிடுங்கிப் பழக்கு, அப்போதுதான் உறுமாது என்று ஒரு பழைய யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யாராவது தினமும் என் தட்டைப் பிடுங்கினால் நானும் உறுமுவேன். பக்கத்தில் போகிறபோது கிண்ணத்தில் இருப்பதைவிட ருசியான ஒன்றை, ஒரு சின்னக் கோழித் துண்டை, போட்டுவிட்டு நடந்துவிடுகிறேன். நான் வந்தால் நல்லது நடக்கும் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

இப்போது ஐந்து மாதம் ஆகப்போகிறது, மூன்று வேளைக்கு வந்துவிட்டோம். போன வாரம் ரப்பர் பொம்மையைக் கழுவும்போது குடைவுக்குள் அரிசி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது, எடுத்துப் பார்த்தால் பால்பல். இருபத்தெட்டும் விழுந்து நாற்பத்திரண்டு முளைக்க ஏழு மாதம்வரை ஆகும், பெரும்பாலும் விழுங்கிவிடும் என்பதால் கண்ணில் படுவது அபூர்வமாம். அம்மா அதை ஒரு தீப்பெட்டியில் போட்டுச் சமையலறை அலமாரியில், தராசுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.